பாப்கேட்டை ஈ-காலரும் டிகாயும் வைத்துக் கூப்பிடுவது: எவ்வளவு நேரம் உட்கார வேண்டும்?

கரிசல்_ஆஸ்டின்:
எல்லோருக்கும் வணக்கம். டெக்சஸில் ஜங்ஷன் ஊர்ப் பக்கம் ஒரு ஆட்டுப் பண்ணையில் வேட்டைக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. சுண்ணாம்புக்கல் மேடு, சரிவு முழுக்க சீடர் (cedar) மரப் புதர், நடுநடுவே ஓக், சப்பாத்திக்கள்ளி. பிறந்து சில நாளே ஆன ஆட்டுக்குட்டிகளை ஏதோ தூக்கிக்கொண்டு போகிறது என்று பண்ணைக்காரர் சொல்கிறார். மாடு தண்ணீர் குடிக்கும் குட்டையின் ஓரச் சேற்றில் தடம் பார்த்தேன். உருண்டையாக இருக்கிறது, நகம் பதியவில்லை. குதிகால் மெத்தையின் பின்பக்கம் மூன்று மடிப்பாகத் தெரிகிறது. பாப்கேட் (இங்குள்ள குட்டை வால் காட்டுப்பூனை) என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஈ-காலரில் (caller, விலங்குக் குரல்களைப் போடும் மின்னணு ஒலிப்பெட்டி) முயல் அலறும் ஒலியைப் போட்டால் கயோட்டி (நரி மாதிரி ஒரு காட்டு நாயினம்) வந்துவிடுகிறது. பூனை மட்டும் வருவதில்லை. கால் மணி நேரம் பார்த்துவிட்டு அடுத்த இடத்துக்கு நகர்வதுதான் என் வழக்கம். டிகாய் (இரை மாதிரி அசையும் பொம்மை) வாங்கினால் பலன் உண்டா? ஒலியை மாற்ற வேண்டுமா? எவ்வளவு நேரம் உட்கார வேண்டும்? கூப்பிட்டுப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

மெஸ்கீட்_காடு:
தம்பி, கால் மணி நேரம் என்பது கயோட்டிக்கான கணக்கு. பூனைக்குக் குறைந்தது அரை மணி. அடர்ந்த புதராக இருந்தால் முக்கால் மணி வரைக்கும் உட்காருங்கள். கயோட்டி சத்தம் கேட்டால் ஓடி வரும், காற்றுக்குக் கீழே சுற்றிப் போய் மோப்பம் பார்க்கும், சரியில்லை என்றால் ஓடிவிடும். பத்து நிமிடத்தில் கதை முடிந்துவிடும். பாப்கேட் அப்படியில்லை. வீட்டுப் பூனை சுவரில் இருக்கிற பல்லியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்குமே, அதே ரத்தம்தான் இது. பத்தடி நடக்கும், உட்காரும், பார்க்கும். மறுபடி பத்தடி. நீங்கள் கிளம்புவதற்காக எழுந்த நேரத்தில் அது நூறு கஜம் தள்ளி ஒரு சீடருக்குப் பின்னால் உட்கார்ந்து உங்களையே பார்த்துக்கொண்டிருந்திருக்கலாம்.

அடுத்தது ஒலி. கயோட்டிக்கு விட்டுவிட்டுப் போடுவோம். பூனைக்கு நிறுத்தவே கூடாது. சத்தம் நின்றால் அதன் கவனமும் நின்றுவிடும், அங்கேயே படுத்துக்கொள்ளும். முதல் ஐந்து நிமிடம் குறைவான சத்தத்தில் ஆரம்பியுங்கள், ஏனென்றால் அது ஏற்கெனவே பக்கத்திலேயே படுத்திருக்கலாம். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றலாம். என் அனுபவத்தில் முயலைவிடப் பறவை அலறல்தான் பூனையை வேகமாக இழுக்கிறது. மரங்கொத்தி மாட்டிக்கொண்டு கத்துகிற மாதிரியான கீச்சுக் குரல், இல்லையென்றால் எலி கீச்சிடுவது. ஃபாக்ஸ்ப்ரோ, லக்கி டக், ஐகோடெக் எதை வாங்கினாலும் இந்த ஒலிகள் இருக்கும். எந்தக் கம்பெனி என்பதைப் பற்றி ரொம்ப யோசிக்காதீர்கள். ரிமோட் தூரத்திலிருந்து வேலை செய்கிறதா, ஒலியைக் கூட்டினால் கரகரக்காமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இப்போது டிகாய். கண்டிப்பாக வாங்குங்கள். கயோட்டி மூக்கை நம்பி வாழ்கிறது, பாப்கேட் கண்ணையும் காதையும் நம்பி வாழ்கிறது. டிகாய் இரண்டு வேலை செய்கிறது. முதலாவது, புதருக்குள் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்கும் பூனையை எழுந்து வர வைக்கிறது. இரண்டாவதுதான் எனக்கு முக்கியம்: பூனையின் கண்ணை உங்கள் மேலிருந்து எடுத்துவிடுகிறது. அது பொம்மையையே பார்த்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் மெதுவாகத் துப்பாக்கியைத் திருப்பலாம். டிகாய் இல்லாவிட்டால் அந்தத் திருப்பலே போதும், பூனை காணாமல் போய்விடும்.

கடையில் கிடைக்கிற டிகாய் ஒரு குச்சி, மேலே மோட்டார், அதில் ஒரு மயிர்க் குஞ்சம். பேட்டரி போட்டால் குஞ்சம் துள்ளும். மோஜோ கம்பெனியின் கிரிட்டர் மாதிரி. இதை வைக்கும்போது புல் உயரத்தைப் பாருங்கள். தரையில் நட்டால் உங்களுக்குத் தெரியும், புதருக்குள்ளிருந்து பார்க்கிற பூனைக்குத் தெரியாது. ஒரு சின்னப் புதரின் தலையிலோ பாறை மேலோ வையுங்கள். நீங்கள் உட்காரும் இடத்திலிருந்து 30, 40 கஜம் தள்ளி காலர், அதிலிருந்து இரண்டு மூன்று கஜத்தில் டிகாய். காற்று குறுக்காக அடிக்கட்டும். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும், ஆனால் நீங்கள் நிழலில் இருங்கள்.

காசு செலவழிக்க வேண்டாம் என்றால் வான்கோழி இறகு ஒன்றைத் தூண்டில் நரம்பில் கட்டி, மெஸ்கீட் கிளையில் இடுப்பு உயரத்துக்குத் தொங்கவிடுங்கள். (மெஸ்கீட் நம்மூர் சீமைக்கருவேலத்துக்குப் பங்காளி. முள்ளும் அப்படியேதான்.) லேசான காற்றிலேயே இறகு திரும்பித் திரும்பி மினுங்கும். மோட்டார் சத்தம் இல்லை, அசைவும் ஒரே தாளத்தில் இருக்காது. காற்று இருக்கிற நாளில் நான் இதைத்தான் தொங்கவிடுகிறேன்.

கடைசியாக ஒன்று. முழுப் பூனையைத் தேடாதீர்கள். இலைக்கு நடுவே ஒரு காது, காதின் பின்புறத்தில் இருக்கிற வெள்ளைப் புள்ளி, வால் நுனியின் அடிப்பக்க வெள்ளை ஒரு நொடி மின்னுவது, இவ்வளவுதான் முதலில் தெரியும். கண்ணை அலைபாய விடாமல் ஒவ்வொரு புதராக நிறுத்திப் பாருங்கள். முகத்தையும் கையையும் மூடிக்கொள்ளுங்கள். கை வெளுப்பாகத் தெரிந்தால் மற்ற எல்லா ஏற்பாடும் வீண்.

சொனோரா_வெயில்:
அண்ணா சொன்னதெல்லாம் அரிசோனாவுக்கும் பொருந்தும். இரண்டு விஷயம் சேர்க்கிறேன். இங்கே அலறல் ஒலிக்கு ஹாவெலினா (பன்றி மாதிரி ஒரு விலங்கு) கூட்டமாக ஓடி வரும். மூக்கை உயர்த்திக்கொண்டு, பல்லை நறநறத்துக்கொண்டு காலர் பெட்டியைச் சுற்றும். பயப்பட வேண்டாம், ஆனால் அந்த இடத்தில் பூனை வேட்டை அன்றைக்கு முடிந்தது. இரண்டாவது, பியூமா (மலைச் சிங்கம்). ஒரே இடத்தில் முக்கால் மணி நேரம் முயல் கத்திக்கொண்டே இருந்தால் அதுவும் கேட்கும். உங்கள் தோளைவிட அகலமான பாறையிலோ மரத்திலோ முதுகைச் சாய்த்துத்தான் உட்கார வேண்டும். பொது நிலத்தில் வேட்டையாடினால் இன்னொரு காரணமும் இருக்கிறது. உங்கள் ஒலியை நிஜ முயல் என்று நினைத்து வேறொரு வேட்டைக்காரர் பதுங்கி வரலாம்.

இங்கே பாப்கேட்டுக்குப் பருவம் உண்டு, டெக்சஸ் மாதிரி வருடம் முழுக்கக் கிடையாது. பொது நிலத்தில் கண்ணி வைப்பதை 1994-லேயே வாக்கெடுப்பில் நிறுத்திவிட்டார்கள். அதனால் இங்கே பூனை வேட்டை என்றால் பெரும்பாலும் கூப்பிடுவதுதான்.

கரிசல்_ஆஸ்டின்:
நன்றி அண்ணா, நன்றி சகோ. துப்பாக்கி என்ன எடுத்துப் போவது? என்னிடம் .223 ரைஃபிள் இருக்கிறது.

மெஸ்கீட்_காடு:
திறந்த வெளிக்கு .223 போதும். தோலை வைத்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால் குண்டைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள், வெளியேறுகிற ஓட்டை பெரிதாகிவிடும். ஆண் பூனையே சராசரியாகப் பத்து கிலோவுக்குப் பக்கம்தான், பெரிய விலங்கு இல்லை. .17 ஹெச்எம்ஆர், .22 மேக்னம் என்ற சிறிய தோட்டாக்கள் இரண்டும் 100 கஜத்துக்குள் தோலைக் கெடுக்காது. உங்கள் சரிவு மாதிரி அடர்ந்த சீடருக்குள் ஷாட்கன் எடுத்துப் போகிறவர்களும் உண்டு, 40 கஜத்துக்குள் வந்தால் மட்டும்.

தூறல்_மழை:
கலிஃபோர்னியாவிலிருந்து எழுதுகிறேன். வேட்டையே கூடாது என்று சொல்ல வரவில்லை, என் தாத்தா காட்டுப்பன்றிக் காவலுக்குப் போனவர். ஆனால் இந்த முறை எனக்கு நியாயமாகப் படவில்லை. ஒரு குட்டி விலங்கு சாகும்போது போடுகிற சத்தத்தைப் பதிவு செய்து, ஒலிபெருக்கியில் போட்டு, பொம்மையை ஆட்டி, நாற்பது கஜத்தில் வைத்துச் சுடுவது வேட்டையா? வாத்து வேட்டையில் மின்னணு ஒலி கூடாது என்று இதே அமெரிக்கச் சட்டம் சொல்கிறது. உயிருள்ள வாத்தைக் கட்டிவைத்து இழுப்பதை 1935-லேயே தடை செய்தார்கள். வாத்துக்கு ஒரு நியாயம், பூனைக்கு வேறு நியாயமா? எங்கள் மாநிலத்தில் 2019-ல் சட்டம் போட்டு 2020 முதல் பாப்கேட் வேட்டையை நிறுத்தினார்கள். சரியென்றுதான் நினைக்கிறேன்.

மெஸ்கீட்_காடு:
நல்ல கேள்வி. வாத்து விதிக்கு ஒரு பின்னணி இருக்கிறது. வாத்து கூட்டமாக வரும், மின்னணு ஒலியோ கட்டிவைத்த வாத்தோ இருந்தால் ஒரே காலையில் ஒரு ஏரியையே காலி செய்யலாம். அப்படித்தான் செய்துகொண்டிருந்தார்கள், அதனால்தான் தடை வந்தது. பாப்கேட் தனியாக வாழ்கிற விலங்கு. முழு நாள் உட்கார்ந்தாலும் ஒன்று வரலாம், வராமலும் போகலாம். அமெரிக்காவில் 23 லட்சம் முதல் 36 லட்சம் வரை இருக்கலாம் என்று 2010-ல் வெளியான ஒரு மதிப்பீடு சொல்கிறது. அழிகிற நிலையில் இருக்கிற விலங்கில்லை.

கண்ணியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கண்ணியில் எது மாட்டியது என்று மறுநாள்தான் தெரியும். கூப்பிடும்போது விலங்கு கண்முன்னால் நிற்கிறது. ஆணா, தாயா, குட்டியா, சுடலாமா வேண்டாமா என்று பார்த்து முடிவெடுக்க நேரம் கிடைக்கிறது. எனக்கு இந்த முறை பிடித்ததற்கு அதுதான் காரணம். கொலராடோவில் 2024 தேர்தலில் பியூமா, பாப்கேட் வேட்டையைத் தடை செய்யும் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்து தோற்றது. மக்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள், நீங்கள் அந்தப் பக்கம் இருப்பதில் எனக்கு வருத்தமில்லை.

தூறல்_மழை:
முடிவெடுக்க நேரம் கிடைக்கிறது என்பதை ஏற்கிறேன். ஆனால் அந்த நேரத்தில் எல்லோரும் முடிவெடுக்கிறார்களா? டெக்சஸில் வருடம் முழுக்க சுடலாம் என்கிறீர்கள். குட்டி ஈனும் மாதத்தில் தாய்ப்பூனையும் அதே ஒலிக்குத்தானே வரும்? அதற்குப் பசி இன்னும் அதிகம்.

மெஸ்கீட்_காடு:
வரும். அதனால்தான் சட்டம் அனுமதித்தாலும் வசந்தத்திலும் கோடையிலும் நான் கூப்பிடுவதில்லை. பாப்கேட் பெரும்பாலும் வசந்தத்தில் ஈனும், இரண்டு மூன்று குட்டி. அந்தக் குட்டிகள் குளிர்காலம் வரைக்கும் தாயோடு திரியும். தாய் போனால் அவையும் போய்ச் சேரும். டிசம்பர் பாதிக்கு மேல், பிப்ரவரிக்குள் மட்டும் போங்கள், தோலும் அப்போதுதான் அடர்த்தியாக இருக்கும். அந்த மாதத்திலும் இரண்டு பூனை சேர்ந்து வந்தால் விசையிலிருந்து விரலை எடுத்துவிடுங்கள். வளர்ந்த பூனைகள் ஜோடியாக அலைவது அபூர்வம். அது பெரும்பாலும் தாயும் குட்டியுமாகத்தான் இருக்கும்.

ரியோகிராண்ட்_ஓரம்:
நான் தெற்கு டெக்சஸ். இரவில் தெர்மல் ஸ்கோப் (உடல் சூட்டை வைத்து இருட்டில் காட்டும் குறிபார்க்கும் கருவி) வைத்து ஈ-காலரோடு பூனை அடிக்கலாம் என்று இங்கே நிறையப் பேர் சொல்கிறார்கள். தனியார் நிலத்தில் சட்டப்படி தடையில்லையாமே. யாராவது செய்திருக்கிறீர்களா?

மெஸ்கீட்_காடு:
நீங்கள் எந்தக் கவுண்டி? கேமரன், வில்லசி பக்கம் என்றால் தயவுசெய்து வேண்டாம். அங்கேதான் ஓசிலாட் என்ற அரிய காட்டுப்பூனை இருக்கிறது. லகுனா அடாஸ்கோசா சரணாலயத்தையும் வடக்கே உள்ள சில பெரிய பண்ணைகளையும் சுற்றி மிச்சமிருக்கிறவை. அமெரிக்கா முழுக்கச் சேர்த்தாலே நூறுக்கும் குறைவு. அதுவும் முயல், எலி, பறவை தின்கிற பூனைதான். உங்கள் காலரில் போடுகிற எந்த ஒலிக்கும் அது வரும், டிகாயையும் அதே மாதிரிதான் முறைக்கும். உடல் அளவும் பாப்கேட் அளவுதான்.

பகலில் பிரித்துப் பார்க்கலாம். ஓசிலாட்டுக்கு நீண்ட வால், வளையம் வளையமாக இருக்கும். உடம்பில் சங்கிலி கோத்த மாதிரி நீளமான திட்டுகள். பாப்கேட்டுக்கு வால் ஒரு சாண்கூட வராது, மேலே கருப்பு, அடியில் வெள்ளை. கன்னத்தில் மயிர் விரிந்து முகம் அகலமாகத் தெரியும். ஆனால் தெர்மலில் நிறமும் தெரியாது, திட்டும் தெரியாது. சூடான ஒரு வடிவம் மட்டும்தான். பூனை நேராக உங்களைப் பார்த்து நின்றால் வால் உடம்புக்குப் பின்னால் மறைந்துவிடும். எதை வைத்து முடிவெடுப்பீர்கள்? 1973-ஆம் ஆண்டின் அழிவுநிலை உயிரினச் சட்டப்படி ஒரு வருடம் வரை சிறை, 50,000 டாலர் வரை அபராதம். அபராதம் கிடக்கட்டும், நூறுக்குள் இருக்கிற விலங்கில் ஒன்று குறைந்துவிடும்.

ரியோகிராண்ட்_ஓரம்:
வில்லசிக்குப் பக்கத்துக் கவுண்டிதான். வேலிக்கு இந்தப் பக்கம் ஓசிலாட் வராது என்று சொல்ல முடியாதே. பகலோடு நிறுத்திக்கொள்கிறேன். வாலைப் பக்கவாட்டில் முழுசாகப் பார்க்காமல் சுடுவதில்லை என்று பண்ணையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

வடக்கு_மேப்பிள்:
இங்கே மினசோட்டாவிலும் இதே பிரச்சினைதான், விலங்கு மட்டும் வேறு. கனடா லிங்க்ஸ், பாப்கேட்டுக்குப் பங்காளியான காட்டுப்பூனை. 2000-லிருந்து பாதுகாக்கப்பட்ட இனம். பாதம் பெரியது, காது நுனி மயிர் நீளம். வால் நுனி சுற்றிலும் கருப்பு, அடியில் வெள்ளை இருக்காது. பனியில் நிற்கும்போது நான் முதலில் பார்ப்பது வால்தான்.

புதுசா_வந்தவன்:
இழைக்குக் கொஞ்சம் விலகிய கேள்வி, மன்னிக்கவும். நான் ஹெச்1பி விசாவில் டாலஸில் இருக்கிறேன். ஆபீஸ் நண்பர் ஒருவர் தன் பண்ணைக்குக் கூப்பிடுகிறார். நான் துப்பாக்கியைத் தொடலாமா? கிரீன் கார்டு இல்லாதவர்களுக்குத் தடை என்று ஒருவர் பயமுறுத்துகிறார்.

சொனோரா_வெயில்:
அவர் சொல்வதில் பாதி உண்மை. ஹெச்1பி, எஃப்1 மாதிரி தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்பதுதான் கூட்டாட்சிச் சட்டத்தின் பொது விதி. அதில் ஒரு விலக்கு இருக்கிறது: ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, செல்லுபடியாகிற வேட்டை உரிமம் உங்களிடம் இருந்தால் அந்தத் தடை பொருந்தாது. உரிமத்தைக் காலாவதியாக விடவே கூடாது. டெக்சஸ் உரிமம் ஆகஸ்ட் 31-ஓடு முடியும். செப்டம்பர் 1 அன்று வீட்டில் துப்பாக்கியும் காலாவதியான உரிமமும் இருந்தால் அது குற்றம், விசாவே போய்விடும். கிரீன் கார்டுக்காரர்களுக்கு இந்தத் தடை இல்லை. 1971 செப்டம்பர் 2-ம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்தவர் என்றால் டெக்சஸில் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒருமுறை கேட்டுவிட்டுப் போங்கள். இந்த விஷயத்தில் நண்பர் வாய்மொழியை நம்பக் கூடாது.

மருந்துப்பெட்டி:
கால்நடை மருத்துவராக ஒரு வார்த்தை. தோல் உரிக்கும்போது ரப்பர் கையுறை போடாமல் கை வைக்காதீர்கள். முயலிலிருந்து பாப்கேட்டுக்கு வருகிற டுலரீமியா என்ற கிருமி நோய் உங்கள் விரல் வெட்டு வழியாக உங்களுக்கும் வரும். வீட்டில் பூனை வளர்க்கிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சைட்டாக்ஸூன் என்றொரு ஒட்டுண்ணி பாப்கேட்டின் ரத்தத்தில் அதற்கு அதிகத் தொந்தரவில்லாமல் இருக்கும், உண்ணி வழியாக வீட்டுப் பூனைக்குப் போனால் சில நாளில் கொன்றுவிடும். செத்த விலங்கு குளிர்ந்ததும் உண்ணிகள் இறங்கி வேறு உடம்பு தேடும். அதைக் காருக்குள் போட்டு, கராஜில் வைத்து, பக்கத்தில் வீட்டுப் பூனை படுத்திருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். காட்டிலேயே உரித்து, தோலைப் பையில் கட்டிக் கொண்டுவாருங்கள்.

கோவை_வாசகன்:
ஊரிலிருந்து படிக்கிறேன். இங்கே 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு இதெல்லாம் பேசவே முடியாது, அது நல்லதுதான். ஆனால் நரிக்குறவர்கள் நரி மாதிரியே ஊளையிட்டு நரியை வரவழைப்பதைச் சின்ன வயதில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இயந்திரம் எதுவும் இல்லை, தொண்டை மட்டும்தான். அங்கே கையால் ஊதிக் கூப்பிடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்களா?

மெஸ்கீட்_காடு:
நிறைய இருக்கிறார்கள். ஆஸ்டினுக்குப் பக்கத்தில் மார்பிள் ஃபால்ஸ் ஊரில்தான் பர்ன்ஹாம் சகோதரர்கள் ஊதுகுழல் செய்து இந்தக் கலையை நாடு முழுக்கப் பரப்பினார்கள். வேகோவில் ஜானி ஸ்டூவர்ட் 1960-களில் நிஜ விலங்குகளின் குரலைப் பதிவு செய்து இசைத்தட்டாக விற்றார். இன்றைய ஈ-காலரின் மூதாதை அதுதான். ஊதுகுழலில் ஒரு சங்கடம் உண்டு. சத்தம் உங்கள் வாயிலிருந்தே வருவதால் பூனை உங்களைத்தான் பார்த்துக்கொண்டு வரும். முக்கால் மணி நேரம் விடாமல் ஊதவும் முடியாது. கயோட்டிக்கு நான் இன்றைக்கும் ஊதுகிறேன், பூனைக்கு இயந்திரம்தான்.

கரிசல்_ஆஸ்டின்:
போன வாரம் வடக்கிலிருந்து குளிர்காற்று அடித்து ஓய்ந்த மறுநாள் போனேன். குட்டைக்கு மேலே உள்ள சரிவில் உட்கார்ந்து, மரங்கொத்தி ஒலி, இறகு டிகாய், நிறுத்தாமல் போட்டேன். அரை மணி தாண்டியதும் ஒரு சீடரின் அடியில் காது தெரிந்தது, அதுவும் பூனை தலையைத் திருப்பியதால்தான். அங்கேயே பத்து நிமிடம் உட்கார்ந்து இறகையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒலியை எலிக் கீச்சுக்கு மாற்றினேன். உடனே எழுந்து, வயிறு தரையில் உரச முன்னால் வந்தது. தனிப் பூனை, பெரிய ஆண். ஒரே குண்டு.

பண்ணைக்காரருக்கு நிம்மதி. குட்டிகளைத் தூக்கியது இதுதானா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் அவரிடம் சொன்னேன். தோலைப் பதனிட நியூ மெக்சிகோவில் ஒருவரிடம் அனுப்பலாம் என்று நினைக்கிறேன். அப்படியே தபாலில் அனுப்பலாமா?

மெஸ்கீட்_காடு:
வாழ்த்துகள் தம்பி, நிதானமாகச் செய்திருக்கிறீர்கள். அப்படியே அனுப்பாதீர்கள். பாப்கேட் 1977-லிருந்து சைட்டிஸ் என்ற சர்வதேச வனவிலங்கு வணிக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. டெக்சஸில் தோலை விற்கவோ மாநிலத்துக்கு வெளியே கொண்டுபோகவோ வேண்டுமென்றால் முதலில் சைட்டிஸ் டேக் மாட்டியிருக்க வேண்டும். டெக்சஸ் பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் துறையிடம் கேட்டால் கிடைக்கும். பிறகு ஊருக்கு எடுத்துப் போகும் எண்ணம் இருந்தால் டேக் மட்டும் போதாது, ஏற்றுமதி அனுமதி தனியாக வாங்க வேண்டும், இந்தியப் பக்கத்து விதிகளையும் பார்க்க வேண்டும். டேக் வரும் வரை தோலின் கொழுப்பைச் சுரண்டிவிட்டு, ஈரம் வற்றாமல் இரண்டு பை போட்டுச் சுற்றி ஃப்ரீசரில் வையுங்கள். காதும் பாதமும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அங்கேதான் முதலில் காய்ந்து மயிர் உதிரும், அதையும் உள்ளே மடித்துவிடுங்கள்.